மனசு மறுபடி நிலைக்கு வர: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன அமைதி என்றால் கோபமே வராமல், கவலையே இல்லாமல் இருப்பதா?

இல்லை. கோபம், பயம், வருத்தம் எல்லாம் வரத்தான் செய்யும், வரவும் வேண்டும். ரோட்டைக் கடக்கும்போது ஒரு வண்டி வேகமாக வந்தால் நெஞ்சு திக்கென்று ஆகிறதே, அது உங்களைக் காப்பாற்றத்தான். வண்டி போய் இரண்டு மணி நேரம் ஆன பிறகும் உடம்பு அந்தத் திக்கிலிருந்து இறங்காமல் இருப்பதுதான் சிக்கல். காலையில் யாரோ சொன்ன ஒரு சொல் ராத்திரி படுக்கும் வரை மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது, இப்போது மதியத்துக்குள் விட்டுப்போகிறது என்றால் நீங்கள் நன்றாகவே முன்னேறியிருக்கிறீர்கள். கலங்கிய பிறகு எவ்வளவு சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்புகிறோம் என்பதைத்தான் நான் அளவாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். கீழே வரும் பதில்கள் எல்லாமே அந்தத் திரும்பும் வழியைப் பற்றியவைதான்.

பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் நாள் முழுக்க உள்ளுக்குள் ஒரு படபடப்பு. ஏன்?

வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1915-லேயே இதன் அடிப்படையை விளக்கிவிட்டார். ஆபத்து என்று மூளைக்குப் பட்டவுடன் உடம்பு சண்டை போடவோ ஓடவோ தயாராகிவிடும். அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும், தசைகள் இறுகும், செரிமானம் மந்தமாகும். கொஞ்ச நேரத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் கூடும். எதிரே நிற்பது உண்மையான ஆபத்தா, மேலதிகாரி அனுப்பிய ஒற்றை வரி மெயிலா என்று உடம்பு பெரிதாக வித்தியாசம் பார்ப்பதில்லை.

அதோடு, ஒரு நாளில் இப்படிச் சின்னச் சின்னதாக எத்தனை வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். அலாரம், தாமதம், பதில் வராத ஒரு மெசேஜ், பாதியில் நின்ற வேலை, கவலை தரும் செய்தி. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் ஒன்றுமே இல்லை. ஆனால் ஒன்றிலிருந்து உடம்பு இறங்குவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. தூக்கமும் குறைந்திருந்தால் இன்னும் சுலபமாகத் தூண்டப்படுவீர்கள். அதனால் 'ஒன்றுமே நடக்கவில்லையே, எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்று உங்களைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். நடந்திருக்கிறது, துண்டு துண்டாக.

'அமைதியாக இரு, யோசிக்காதே' என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். ஏன் பலிக்கவில்லை?

யாருக்கும் பலிக்காது. 1987-ல் டேனியல் வெக்னர் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் சிலரை உட்கார வைத்து, ஐந்து நிமிடத்துக்கு வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்கவே கூடாது, நினைவு வந்தால் மணி அடியுங்கள் என்றார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதன் பிறகு 'இப்போது நினைக்கலாம்' என்றபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்கு அந்தக் கரடி அதிகமாக வந்தது. ஒரு நினைப்பைத் தள்ளிவைக்க வேண்டுமானால் அது வருகிறதா என்று மனசு காவல் காக்க வேண்டும், அப்படிக் காவல் காப்பதே அதை உள்ளே கூப்பிட்டுவிடுகிறது.

அதனால் மனசோடு நேராக மல்லுக்கு நிற்காமல் உடம்பு வழியாகப் போவது சுலபம். மூச்சு, தசை, கண்ணில் படும் வெளிச்சம், நடை, தூக்கம். இவை நம் கைக்கு எட்டும். இதயத் துடிப்பிடம் 'குறை' என்று சொல்ல முடியாது, மூச்சிடம் சொல்லலாம்.

மூச்சுப் பயிற்சி உண்மையிலேயே உதவுமா? எப்படிச் செய்வது?

உதவும், அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. நாம் மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் வேகமாகிறது, விடும்போது கொஞ்சம் குறைகிறது. மூளையின் அடிப்பகுதியிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கிவரும் வேகஸ் நரம்பின் வேலை இது. உடம்பை ஓய்வு நிலைக்குக் கொண்டுவரும் நரம்பு அமைப்பில் முக்கியமான பாதையும் இதுதான். விடும் மூச்சை நீட்டினால், துடிப்பு குறையும் அந்தப் பகுதியும் நீள்கிறது.

வளர்ந்த ஒருவர் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். இதை 6 முறை அளவுக்குக் கொண்டுவந்தால் போதும். நான்கு எண்ணும் வரை மூக்கு வழியாக இழுங்கள், ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம். இடையில் மூச்சைப் பிடித்து நிறுத்தத் தேவையில்லை. நான்கும் ஆறும் கஷ்டமாக இருந்தால் மூன்றும் நான்கும் வைத்துக்கொள்ளுங்கள், எண்ணிக்கை முக்கியமில்லை, விடுவது இழுப்பதைவிட நீளமாக இருந்தால் சரி. உட்கார்ந்தோ படுத்தோ பஸ்ஸில் நின்றபடியோ செய்யலாம், கண்ணை மூட வேண்டும் என்றுகூட இல்லை.

இன்னொரு முறையும் இருக்கிறது. மூக்கால் ஒரு முறை நன்றாக இழுத்து, அதற்கு மேலேயே இன்னும் கொஞ்சம் இழுத்து, பிறகு வாய் வழியாக நீளமாக விடுவது. அழுது முடித்த குழந்தைகள் விசும்பியபடி தானாகவே மூச்சு விடுவார்களே, கிட்டத்தட்ட அப்படி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இதை ஒரு மாதம் தினமும் ஐந்து நிமிடம் செய்தவர்களுக்கு, அதே அளவு நேரம் தியானம் செய்தவர்களைவிட மனநிலை அதிகமாகத் தேறியிருந்தது.

ஒரு எச்சரிக்கை. ஆழமாகவும் வேகமாகவும் இழுத்து இழுத்து விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்தது போல் இருக்கும். அப்படி ஆனால் நிறுத்திவிட்டு வழக்கம்போல மூச்சு விடுங்கள், சரியாகிவிடும். மெதுவாக விட வேண்டும் என்பதுதான் விஷயம், நிறைய இழுக்க வேண்டும் என்பது இல்லை.

மூச்சைக் கவனிக்க ஆரம்பித்தாலே எனக்குப் பதற்றம் கூடுகிறது. என்னிடம் ஏதாவது கோளாறா?

இல்லவே இல்லை. நிறையப் பேருக்கு இப்படி ஆகும், குறிப்பாக மூச்சுத்திணறலோ பயங்கரமான பீதியோ முன்பு அனுபவித்தவர்களுக்கு. உடம்புக்குள் கவனத்தைத் திருப்புவதே அவர்களுக்கு எச்சரிக்கை மணி அடித்தது போல் ஆகிவிடுகிறது. அவர்கள் வெளியே பார்க்கட்டும். கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு, பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள், அறையில் கேட்கும் சத்தங்களை ஒவ்வொன்றாகக் கேளுங்கள், குளிர்ந்த தண்ணீரில் கை கழுவுங்கள்.

இல்லையென்றால் தசை வழி. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் 1920-களில் உருவாக்கிய முறை, இன்றும் பயன்படுகிறது. கைகளை இறுக்கி மூடி ஐந்து விநாடி வைத்திருங்கள், சட்டென்று விட்டுவிடுங்கள், அரை நிமிடம் அந்தத் தளர்வைக் கவனியுங்கள். அப்புறம் தோள், தாடை, வயிறு, கால் என்று போகலாம். தாடையையும் தோளையும் மட்டுமாவது செய்து பாருங்கள். நாள் முழுக்க பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறோம் என்பதே அப்போதுதான் பலருக்குத் தெரியவரும். வலி இருக்கும் இடத்தை மட்டும் இறுக்க வேண்டாம்.

காலையில் எழுந்ததும் என்ன செய்வது நல்லது?

எழுந்த முதல் அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் கார்ட்டிசால் இயல்பாகவே ஒரு ஏற்றம் காணும். உடம்பு நாளுக்குத் தயாராகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் கண்ணைத் திறந்தவுடனே போனை எடுத்து, ஊரில் உள்ள கவலையையெல்லாம் உள்ளே வாங்கிக்கொண்டால், ஏற்கெனவே ஏறுகிற ஒன்றை இன்னும் ஏற்றிவிடுகிறோம். அதனால் முதல் அரை மணி நேரம் போன் வேண்டாம். இதை நான் கெஞ்சியே கேட்பேன்.

அதற்குப் பதிலாக வெளிச்சம். மூளையில் இருக்கும் உடல் கடிகாரம் கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்துத்தான் தன் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. மேகமூட்டமான நாளிலும் வெளியே இருக்கும் வெளிச்சம் அறை விளக்கைவிடப் பல மடங்கு அதிகம், ஆகவே ஜன்னலோரமாவது போய் நில்லுங்கள், முடிந்தால் பத்து நிமிடம் வெளியே. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, வெளியில் இருந்தாலே போதும். காலை வெளிச்சத்தின் பலன் ராத்திரி தூக்கத்தில் தெரியும்.

எழும் நேரம் தினமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும், விடுமுறை நாளிலும். அதிகாலை நான்கு மணிக்கே எழ வேண்டும் என்று யாராவது சொன்னால், தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு அதைச் செய்யாதீர்கள்.

போனை விட்டுவிடத்தான் வேண்டுமா?

முழுவதும் விடச் சொல்லவில்லை. வேலை, பணம், உறவு எல்லாமே அதில் இருக்கும்போது அது நடக்காத காரியம். ஆனால் இந்தக் கேள்வியில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் புதிதாக ஒரு பழக்கத்தைச் சேர்ப்பதைவிட, கலக்குகிற ஒன்றை எடுத்துவிடுவது பல பேருக்கு அதிகப் பலன் தரும், அந்த எடுத்துவிட வேண்டிய பட்டியலில் முதலில் நிற்பது போன்தான்.

ஒரு பத்திரிகையைப் படித்தால் கடைசிப் பக்கம் வரும், மூடி வைப்போம். திரையில் கீழே தள்ளிக்கொண்டே போவதற்குக் கடைசிப் பக்கம் கிடையாது, 'போதும்' என்று சொல்ல வேண்டிய இடமே இல்லாமல் அது செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே அந்த இடத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும். மன உறுதியை மட்டும் நம்பி உண்டாக்குவது கஷ்டம், களைத்துப் போன சாயங்காலத்தில் மன உறுதி யாருக்கும் மிச்சம் இருப்பதில்லை. ஏற்பாட்டை மாற்றினால் நடக்கும். மனிதர்கள் நேரடியாகக் கூப்பிடுவதையும் எழுதுவதையும் தவிர மற்ற எல்லா நோட்டிஃபிகேஷனையும் அணைத்துவிடுங்கள். கடைகள், விளையாட்டுகள், செய்திகள், 'இன்னார் புதிதாக ஒன்று போட்டிருக்கிறார்' என்கிற தகவல்கள், எதுவும் உங்களைக் கூப்பிட வேண்டாம், வேண்டும்போது நீங்களே போய்ப் பாருங்கள். செய்தி பார்க்க ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு இரண்டு முறை பார்த்தாலே உலகத்தில் நடப்பது தெரிந்துவிடும்.

அப்புறம், படுக்கும் அறைக்கு வெளியே போனை சார்ஜ் போடுங்கள். அலாரத்துக்குத் தனியாக ஒரு கடிகாரம். ஒரே ஒரு மாற்றம்தான் செய்வேன் என்று ஒருவர் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் ராத்திரியின் கடைசி அரை மணியும் காலையின் முதல் அரை மணியும் ஒரே ஏற்பாட்டில் உங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிடுகின்றன. வீட்டில் உடம்பு முடியாதவர்கள் இருக்கிறார்கள், ராத்திரி அழைப்பு வரலாம் என்றால் சத்தத்தைக் கூட்டி அடுத்த அறையில் வையுங்கள். கைக்கு எட்டாமல் இருந்தால் போதும்.

தியானம் செய்தே ஆக வேண்டுமா? எனக்கு மனசு ஒரு இடத்தில் நிற்காது.

யாருக்கும் நிற்காது. மேத்யூ கில்லிங்ஸ்வர்த், டேனியல் கில்பர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், 2,250 பேரிடம் போன் வழியாக அவ்வப்போது 'இப்போது உங்கள் மனசு எங்கே இருக்கிறது' என்று கேட்டுப் பார்த்தார்கள். விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 47 சதவீதம், செய்கிற வேலையில் மனசு இல்லை என்று தெரிந்தது. ஆகவே தியானத்தில் உட்கார்ந்து பத்து விநாடியில் மனசு ஓடிவிட்டால் நீங்கள் தோற்கவில்லை. அது ஓடியதைக் கவனித்து, கோபப்படாமல் திரும்பக் கூட்டிவருகிறீர்களே, பயிற்சியே அதுதான். ஐந்து நிமிடத்தில் முப்பது தடவை ஓடினால் முப்பது தடவை பயிற்சி நடந்திருக்கிறது.

தியானத்தை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர்களில் ஜான் கபாட்-சின் முக்கியமானவர். 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் நாள்பட்ட வலி, மன அழுத்தம் உள்ளவர்களுக்காக அவர் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சி இன்று பல நாடுகளில் நடக்கிறது. பலன் உண்டு. ஆனால் கட்டாயம் இல்லை. சிலருக்கு, குறிப்பாகக் கடுமையான அனுபவங்களைக் கடந்து வந்தவர்களுக்கு, அசையாமல் உட்கார்ந்தால் பழைய நினைவுகள் மேலெழும்பி இன்னும் கஷ்டமாகலாம். அவர்கள் நடந்துகொண்டே செய்யட்டும், பாத்திரம் கழுவும்போது தண்ணீரின் சூட்டைக் கவனிக்கட்டும், துணி மடிக்கட்டும். செய்கிற வேலையில் கை மட்டும் இல்லாமல் கவனமும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நடப்பது மனசுக்கு எப்படி உதவும்?

பதற்றத்தில் உடம்பு ஓடுவதற்குத் தயாராகிறது என்று மேலே பார்த்தோம். ஆனால் நாம் ஓடுவதில்லை, நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறோம். தயாரான தசைகளுக்கு வேலை கொடுத்தால் அந்த ஏற்றம் இறங்க ஒரு வழி கிடைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் உழைப்பு தேவை, ஓரளவு வேகமான நடை அதில் சேரும். இந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம், கொஞ்சமாகச் செய்தாலும் ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட நல்லது என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. மனசு கலங்கிய நேரத்தில் பத்து நிமிட நடையே வித்தியாசம் காட்டும்.

மரம் செடி இருக்கும் பக்கமாக நடக்க முடிந்தால் இன்னும் நல்லது. 1984-ல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்த நோயாளிகளில், ஜன்னல் வழியாக மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்த அறையில் இருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். பார்ப்பதற்கே அவ்வளவு பலம் இருக்கிறது. நடக்கும்போது காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல் ஒரு முறை போய்ப் பாருங்கள்.

ராத்திரி படுத்தவுடன்தான் எல்லா யோசனையும் வருகிறது. என்ன செய்வது?

பகலெல்லாம் ஏதாவது ஒன்று கவனத்தைப் பிடித்து வைத்திருக்கும், விளக்கை அணைத்தவுடன் அது போய்விடுகிறது, அதுவரை வரிசையில் நின்றதெல்லாம் உள்ளே வருகிறது. அதனால் அவற்றைப் படுக்கைக்கு முன்பே ஒரு முறை உள்ளே விட்டுவிடுவது நல்லது.

முதல் வழி, எழுதிவைப்பது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் இளைஞர்களைப் படுக்கும் முன் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். பாதிப் பேர் முடித்த வேலைகளை எழுதினார்கள், மீதிப் பேர் அடுத்து செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் சீக்கிரமாகத் தூங்கினார்கள், விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம். காகிதத்தில் வந்துவிட்டதை மனசு மறுபடி மறுபடி நினைவுபடுத்தத் தேவையில்லை, அதனால் இருக்கலாம். போனில் எழுதாதீர்கள், ஒரு சின்ன நோட்டு போதும்.

இரண்டாவது, கவலைக்கு என்று ஒரு நேரம். சாயங்காலம், படுக்கைக்கு நிறைய முன்னால், அரை மணி நேரம். பகலில் ஒரு கவலை வந்தால் 'சரி, உனக்கு ஆறு மணிக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறேன்' என்று குறித்துவைத்துவிட்டு வேலையைப் பாருங்கள், ஆறு மணிக்கு உண்மையிலேயே உட்கார்ந்து கவலைப்படுங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் 1980-களிலிருந்தே உளவியல் சிகிச்சையில் இருக்கும் முறை இது. நினைக்காதே என்று அடக்கவில்லை, தள்ளித்தான் வைக்கிறோம், அதை மனசு ஒப்புக்கொள்ளும்.

மூன்றாவது, தூக்கம் வரவில்லை என்றால் எழுந்துவிடுங்கள். ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகியும் தூங்கவில்லை என்று தோன்றினால் (கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், தோராயமாகப் போதும்) வேறு இடத்தில் மங்கலான வெளிச்சத்தில் சலிப்பான ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டிருந்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்பி வாருங்கள். படுக்கை என்றாலே புரண்டு கிடக்கும் இடம் என்று உடம்பு கற்றுக்கொள்ளக் கூடாது. ரிச்சர்ட் பூட்சின் 1972-ல் சொன்ன இந்த வழி இன்றைக்கும் தூக்கமின்மைக்கான சிகிச்சையில் முக்கியமான பகுதி.

வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். மற்ற எல்லாப் பழக்கமும் இதன்மேல்தான் நிற்கிறது. தூக்கத்தை விட்டுக்கொடுத்துத் தியானம் செய்வதில் எனக்குச் சம்மதமே இல்லை.

காபி, டீ, மது இவையெல்லாம் இதில் வருமா?

வரும். காஃபீன் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து ஆறு மணி நேரம் ஆகும், ஆகவே மாலை நான்கு மணிக்குக் குடித்ததில் பாதி ராத்திரி ஒன்பது பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும். களைப்பை உணர்த்தும் அடினோசின் என்ற பொருளை அது மறைக்கிறது, களைப்பைத் தீர்ப்பதில்லை. படபடப்பு உள்ளவர்கள் மதியத்துக்குப் பிறகு நிறுத்திப் பாருங்கள். நிறையக் குடிப்பவர்கள் ஒரேயடியாக விட்டால் தலைவலி வரும், படிப்படியாகக் குறைக்கவும். மது தூங்க வைப்பதுபோல் இருக்கும், பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்துவிடும், மறுநாள் பதற்றத்தையும் கூட்டும். மனசு சரியில்லை என்று குடிக்கும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து உதவி கேளுங்கள். தினமும் நிறையக் குடிப்பவர்கள் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, மருத்துவரோடு பேசித்தான் செய்ய வேண்டும்.

கோபம் தலைக்கேறுகிற அந்த நிமிடத்தில் என்ன செய்ய முடியும்?

அந்த நிமிடத்தில் நல்ல முடிவு எதுவும் எடுக்க முடியாது, முடிவைத் தள்ளிப்போட மட்டும்தான் முடியும், அதுவே போதும். 'கொஞ்ச நேரம் கழித்துப் பேசலாம்' என்று சொல்லிவிட்டு நகருங்கள். மெசேஜை எழுதுங்கள், அனுப்பாதீர்கள். பெறுநர் பெயரைப் போடாமல் எழுதினால் தவறிப்போய்க்கூட அனுப்ப முடியாது.

இன்னொன்று, உணர்வுக்குப் பெயர் சொல்வது. 'எனக்குக் கோபம் வருகிறது' என்று மனசுக்குள் சொல்லுங்கள், முடிந்தால் இன்னும் துல்லியமாக: அவமானமா, பயமா, பொறாமையா, களைப்பா? 2007-ல் மேத்யூ லீபர்மேன் குழுவினர் மூளைப் படங்களோடு செய்த ஆய்வில், உணர்ச்சிகரமான முகங்களைப் பார்க்கும்போது அந்த உணர்வுக்குப் பெயர் சொன்னவர்களுக்கு, பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு குறைந்தது. நிறைய நேரம் கோபம் என்று நாம் நினைப்பது உள்ளே போய்ப் பார்த்தால் வேறொன்றாக இருக்கும், அது தெரிந்தாலே பேச்சு வேறு மாதிரி போகும்.

டைரி எழுதினால் மனசு லேசாகும் என்கிறார்களே?

பலருக்கு ஆகும், ஆனால் உடனே அல்ல. ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், வாழ்க்கையில் தங்களை மிகவும் பாதித்ததை எழுதினார்கள். எழுதி முடித்த உடனே மனசு பாரமாகத்தான் இருந்தது. ஆனால் நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அதற்குப் பிந்தைய மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. எழுத்து நடை, பிழை எதையும் பார்க்க வேண்டாம், எழுதியதைக் கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை. அதே வேதனையை அதே சொற்களில் தினமும் சுற்றிச் சுற்றி எழுதுகிறீர்கள் என்றால் நிறுத்திவிட்டு யாரிடமாவது பேசுங்கள். மிகச் சமீபத்திய, மிகப் பெரிய இழப்பைப் பற்றித் தனியாக உட்கார்ந்து எழுத வேண்டும் என்று உங்களை வற்புறுத்திக்கொள்ளாதீர்கள்.

குழந்தை, வேலை, வீடு என்று ஒரு நிமிடம்கூட எனக்கென்று இல்லை. இதெல்லாம் எப்படி முடியும்?

தனியாக நேரம் ஒதுக்கச் சொல்பவர்கள் உங்கள் வீட்டைப் பார்த்ததில்லை. இருக்கிற வேலையோடு ஒட்டிவையுங்கள். தண்ணீர் கொதிக்கக் காத்திருக்கும்போது ஆறு நீள மூச்சு. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும் முன் தோளைத் தளர்த்துவது. பல் தேய்த்துக்கொண்டே ஜன்னல் பக்கம் நிற்பது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியல் அறிஞர் 1990-களில் காட்டியது இதைத்தான்: 'இனி அமைதியாக இருப்பேன்' என்ற பொதுவான தீர்மானத்தைவிட, 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்று குறிப்பாக முடிவு செய்தவர்கள் அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள். உங்கள் மிக மோசமான நாளிலும் செய்ய முடிகிற அளவுக்குப் பழக்கம் சின்னதாக இருக்கட்டும், ஏனென்றால் அது அதிகமாகத் தேவைப்படுவது அந்த நாளில்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. தூங்கக்கூட நேரம் இல்லாத அளவுக்கு வேலை ஒருவர் தலைமேல் மட்டும் விழுந்திருந்தால், அதற்கு மருந்து மூச்சுப் பயிற்சி இல்லை. வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும், அதை வீட்டில் வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.

எத்தனை நாளில் பழக்கமாகும்? இடையில் விட்டுப்போனால்?

21 நாள் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள், நம்ப வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கும் அளவுக்கு ஊற 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று தெரிந்தது, நடுவான கணக்கு 66 நாள். சுலபமானவை சீக்கிரம் படியும். ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே விட்ட நாளுக்குச் சேர்த்து அடுத்த நாள் இரட்டிப்பாகச் செய்யாதீர்கள். வழக்கமான அளவைச் செய்யுங்கள்.

இவையெல்லாம் போதாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று எப்போது தெரியும்?

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனசு இருண்டே இருக்கிறது, பிடித்தது எதிலும் ஈடுபாடு இல்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, வேலை செய்ய முடியவில்லை என்றால் போங்கள். திடீர் திடீரென்று பீதி வந்து அது மறுபடி வருமோ என்ற பயத்தில் வெளியே போவதையே குறைத்துக்கொண்டால் போங்கள், இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் படபடப்பு வரும், அதை எந்தத் தியானமும் சரிசெய்யாது, ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் 'இது வெறும் டென்ஷன்' என்று நீங்களே முடிவு செய்யாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள். அந்த நிமிடமே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், உங்கள் பகுதியின் அவசர உதவி எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ கூப்பிடுங்கள். இது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை.

எனக்குப் பரவாயில்லை, ஆனால் கூட இருப்பவர் அடிக்கடி நிலைகுலைந்து போகிறார். நான் எப்படி உதவுவது?

'டென்ஷன் ஆகாதே' என்று மட்டும் சொல்லாதீர்கள், அதைக் கேட்டு யாருக்கும் டென்ஷன் குறைந்ததில்லை. முதலில் உங்கள் குரலைத் தாழ்த்தி, பேச்சை மெதுவாக்குங்கள். எதிரே நிற்காமல் பக்கத்தில் உட்காருங்கள். தொடுவது அவருக்குப் பிடிக்குமா என்று தெரிந்தால் மட்டும் கையைப் பிடியுங்கள். உங்கள் மூச்சு நீளமாக இருக்கட்டும், 'என்னோடு சேர்ந்து மூச்சு விடு' என்று பாடம் எடுக்க வேண்டாம், கூட இருப்பவர் நிதானமாக இருந்தால் அவருக்கும் இறங்குவதற்குக் கொஞ்சம் சுலபமாகும். பேச ஆரம்பித்தால் முழுதாகக் கேளுங்கள். தீர்வு கைவசம் இருந்தாலும் உடனே நீட்டாமல், 'நான் கேட்டுக்கொண்டால் போதுமா, இல்லை என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிக்கலாமா' என்று கேட்டுவிட்டு, அவர் எதைச் சொல்கிறாரோ அதைச் செய்யுங்கள். மனசை நிலைக்குக் கொண்டுவரும் இந்தப் பழக்கங்களைப் பற்றியெல்லாம் அவர் நன்றாக இருக்கும் இன்னொரு நாளில் பேசிக்கொள்ளலாம், அன்றைக்கும் 'நீ செய்' என்பதைவிட 'நான் நடக்கப் போகிறேன், வருகிறாயா' என்பது நன்றாக வேலை செய்யும்.